பிளவ் லேனில் ஒரு சனிக்கிழமை: ஏஎஃப்சி விம்பிள்டன் ஆட்டம் பார்க்கப் போகலாமா?

நான் இருப்பது தெற்கு லண்டனில், டூட்டிங் பிராட்வேக்குப் பக்கத்தில். சனிக்கிழமை மத்தியானங்களில் கடைக்குப் போகும்போது, நீலமும் மஞ்சளும் கலந்த ஸ்கார்ஃப் சுற்றிய சனம் கரட் லேன் வழியாக நடந்து போவதை நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொல்லூன்றிய தாத்தாமார், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மார், பள்ளிக்கூடப் பெடியள். ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற உதைபந்தாட்டக் கிளப்பின் பிளவ் லேன் மைதானத்துக்குப் போகிறார்கள் என்று தெரியும், ஆனால் ஒருநாளும் பின்னால் போனதில்லை. இந்த சீசனில்தான் போனேன். முதல் தடவைக்குப் பிறகு இன்னும் ஐந்து தடவை போய்விட்டேன், அதனால் விவரமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

போக வைத்தது ஒரு ஏமாற்றம். போன வருடம் மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பெரிய கிளப்பின் ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்று, இணையத்தில் டிக்கெட் மறுவிற்பனை செய்யும் ஓரிடத்தில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். பக்கத்துப் பக்கத்து இருக்கை என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் ஒன்று மேல்தட்டில், ஒன்று கீழே மூலையில். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே இருத்த முடியுமா? வெளியே வந்து ரயில் ஏறினோம். காசு இன்றுவரை திரும்பி வரவில்லை. ரயிலில் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை, கோபமும் படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, "ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள், நம்ம கிளப் நடக்கிற தூரத்தில் இருக்கிறதே" என்றார். "நம்ம" என்று அவர் சொன்ன விதம் மனதில் நின்றுவிட்டது.

டிக்கெட் எடுப்பது சுலபம். கிளப்பின் சொந்த இணையத்தளத்தில் இருக்கையைத் தெரிவுசெய்து எடுக்கலாம், நாலு பேருக்கும் ஒரே வரிசையில் கிடைத்தது. நாலு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது, அந்த மறுவிற்பனைக்காரரிடம் ஒரு டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. மைதானம் சின்னது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும், அதனால் சனிக்கிழமை ஆட்டமென்றால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

போகும் வழிகள் நாலைந்து உண்டு. டூட்டிங் பிராட்வே, எர்ல்ஸ்ஃபீல்ட், விம்பிள்டன் பார்க் எல்லாம் நடக்கிற தூரம். நான் சொல்வது ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷன் வழி. காரணம், அந்த வழியில் போனால்தான் பழைய மைதானம் இருந்த இடத்தைத் தாண்டிப் போவீர்கள். அதைப் பார்க்காமல் புதிய மைதானத்துக்குள் போனால் பாதிதான் பார்த்த மாதிரி.

முதல் தடவை, பக்கத்தில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் இருக்கும் என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் தம்பி, எழுபது வயது தாண்டியவர், இளமையில் ஊரில் பந்து அடித்தவர். எஃப்ரா ரோட் பிள்ளையார் கோயிலில் மத்தியானப் பூசை பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்தே போனோம். (இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் சனத்துக்கு விம்பிள்டன் என்றால் முதலில் டென்னிஸ் இல்லை, இந்தப் பிள்ளையார்தான்.) ஹேடன்ஸ் ரோடும் பிளவ் லேனும் சந்திக்கிற மூலையில் மாமாவை நிறுத்தி அடுக்குமாடி வீடுகளைக் காட்டினேன். ரெனோல்ட்ஸ் கேட் என்று பெயர். பார்த்தால் லண்டனில் எங்கேயும் இருக்கிற வீடுகள் மாதிரித்தான், பால்கனியில் சைக்கிள், காயப்போட்ட துணி. அதற்கு அடியில்தான் விம்பிள்டன் கிளப் 1912 முதல் 1991 வரை ஆடிய மைதானம் இருந்தது.

அந்த ரெனோல்ட்ஸ் யார் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 1889 இல் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் விம்பிள்டன் பொதுவெளியில் ஆரம்பித்த கிளப் இது. பல காலம் சம்பளம் இல்லாமல் ஆடியவர்களின் கிளப். 1963 இல் வெம்பிளி மைதானத்தில் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் சட்டன் யுனைடெட். 4-2 என்று வென்றார்கள், நாலு கோலையும் எடி ரெனோல்ட்ஸ் என்ற ஒருவரே போட்டார், நாலும் தலையால். மைதானம் போனாலும், அங்கே வந்த வீடுகளுக்கு அவர் பெயர் நிற்கிறது.

அதற்குப் பிறகு தொழில்முறைக்கு மாறினார்கள். 1975 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் (எஃப்ஏ என்பது இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம்), அப்போது மேல்நிலையான முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று வென்றார்கள். அடுத்த சுற்றில் அப்போதைய சாம்பியன் லீட்ஸ். அங்கே போய் 0-0 என்று சமன் செய்தார்கள், பீட்டர் லோரிமரின் பெனால்டியை டிக்கி கை (Guy) என்ற கோல்கீப்பர் தடுத்தார். மீள் ஆட்டத்தில் தோற்றது தங்கள் காலில் பட்டு உள்ளே போன கோலால். அந்தக் காலத்தில் நன்றாக ஆடினால் மட்டும் லீக்கில், அதாவது நாடளாவிய நாலு டிவிஷனில், சேரமுடியாது, ஏற்கெனவே உள்ள கிளப்புகள் வாக்குப்போட்டுச் சேர்க்கவேண்டும். 1977 இல் வொர்கிங்டனை வெளியேற்றிவிட்டு விம்பிள்டனைச் சேர்த்தார்கள். நாலாம் டிவிஷன். ஒன்பது வருடத்தில், 1986 இல், முதல் டிவிஷன். அந்த முதல் வருடமே ஆறாவது இடம்.

அழகான ஆட்டம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பந்தைத் தூக்கி நீளமாக அடிப்பது, முட்டிமோதுவது, எதிரணியைப் பதறவைப்பது. 'கிரேசி கேங்' என்று பெயரே வந்தது. எனக்கு அந்த ஆட்டமுறையில் பெரிய விருப்பம் இல்லை, ஆனால் காசு இல்லாத கிளப் ஒன்று பெரியவர்களுக்கு நடுவே நிற்க அப்படித்தான் ஆடியிருக்கமுடியும் என்பது விளங்குகிறது.

பிறகு 1988 மே 14. எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் அந்த வருட லீக் சாம்பியன் லிவர்பூல், தொண்ணூற்றெட்டாயிரம் சனம். டெனிஸ் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை லோரி சான்செஸ் தலையால் தட்டி உள்ளே போட்டார். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி, ஜோன் ஓல்ட்ரிட்ஜ் அடித்தார், டேவ் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டங்களில் பெனால்டி ஒன்று தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பீசன்ட்தான் தலைவரும், வெம்பிளியில் அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் கோல்கீப்பர் தலைவர் அவர். பதினொரு வருடத்துக்கு முன் லீக்கிலேயே இல்லாத கிளப்.

ஐரோப்பியக் கோப்பைக்கு அவர்களால் போகமுடியவில்லை. 1985 இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் கலவரத்தில் சனம் இறந்த துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு இருந்த தடை அப்போதும் எடுபடவில்லை. 1989 இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் இறந்தார்கள். அதன்பிறகு வந்த டெய்லர் அறிக்கை, மேல்நிலைக் கிளப்புகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. பழைய பிளவ் லேனை அப்படி மாற்றமுடியாது என்று கிளப் முடிவெடுத்து, 1991 இல் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் போனார்கள். திரும்பி வரவேயில்லை. 1998 இல் பழைய மைதானம் ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பனிக்கு விற்கப்பட்டது, சூப்பர்மார்க்கெட் வரவில்லை, கடைசியில் அந்த வீடுகள் வந்தன. நடுவில் கிளப்பை டப்ளினுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. 1997 இல் நோர்வே முதலாளிகள் வாங்கினார்கள். 2000 மே 14 அன்று பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். தேதியைப் பாருங்கள், கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம்.

பிறகுதான் பெரிய அடி. கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற நகரத்துக்குக் கொண்டுபோக நிர்வாகம் அனுமதி கேட்டது. 2002 மே 28 அன்று, எஃப்ஏ நியமித்த மூன்று பேர் குழு இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அந்த வரி இந்த ஊர்ச் சனத்தின் மனதில் இன்றும் முள்ளாகக் கிடக்கிறது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், கேட்காமலேயே, அதை மனப்பாடமாகச் சொன்னார்.

மாமாவுக்கு இதை எல்லாம் அந்த மூலையில் நின்றே சொன்னேன். கேட்டுக்கொண்டே வீடுகளைப் பார்த்தார். "அப்ப கிரவுண்ட் இதுக்குக் கீழதான் கிடக்குதோ?" என்றார். ஓம் என்றேன். "பிளவ் எண்டால் கலப்பைதானே? கலப்பை ஒழுங்கை" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

இருநூறு முந்நூறு மீற்றர்தான். அவ்வளவு கிட்ட. வீடுகளுக்கு நடுவே நீல நிறம் தெரியும், அதுதான் புதிய மைதானம். முன்பு நாய் ஓட்டப் பந்தயம் நடந்த இடம், அது 2017 இல் மூடப்பட்டபிறகு கட்டியது. செரி ரெட் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைக் கம்பனியின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனால் சனம் சொல்வது பிளவ் லேன் என்றுதான்.

இருக்கையில் போய் இருந்தோம். மேற்கு ஸ்டாண்ட் மட்டும்தான் பெரிய கட்டடம், மற்ற மூன்று பக்கமும் தாழ்வானவை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு இதுதான் பிடித்தது. புல்லுக்கும் எங்களுக்கும் நடுவே சில அடிதான். பந்து காலில் படுகிற சத்தம், வீரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கோல்கீப்பர் கத்துவது எல்லாம் கேட்கும். கோர்னர் அடிக்க வந்த பெடியன் பந்தை வைத்து, காலால் இரண்டு தரம் புல்லைத் தட்டிச் சரிசெய்து, மூச்சை வெளியே விட்டதை என் மகன் கண்ணிமைக்காமல் பார்த்தான். தொலைக்காட்சியில் இது ஒருநாளும் தெரியாது. அந்தப் பந்து தலைக்கு மேலால் போய் வெளியே விழுந்தது, அது வேறு விஷயம்.

நின்று பாடும் கூட்டம் கோல் கம்பத்துக்குப் பின்னால். பாட்டு ஒன்று முடிய ஒன்று வரும். சில பாட்டுகளில் கெட்ட வார்த்தை உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி இடம் எடுங்கள், பக்கவாட்டு இருக்கைகள் நல்லது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதலில் கைபேசியோடு இருந்தாள், இருபது நிமிடத்தில் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பாட்டியிடம் பாட்டின் வரிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் அணியும் இதே மைதானத்தில் ஆடுகிறது என்று அந்தப் பாட்டிதான் சொன்னார். அடுத்ததாக அதற்குத்தான் போனோம், அதற்கும் நல்ல சனம்.

இடைவேளையில் மாமா கேட்டார், "இவை எத்தினை வருசம் வெளியில நிண்டவை?"

"1991 இலிருந்து 2020 வரை. இருபத்தொன்பது."

"எங்களுக்கு இருபத்தேழு."

மாமாவின் ஊர் யாழ்ப்பாணக் கரையோரத்து மயிலிட்டி. 1990 இல் போரால் எழும்பி ஓடிவந்தவர்கள், 2017 இல்தான் துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. அதன்பிறகு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுச் சுவர்கூட மிஞ்சவில்லை, கிணற்றை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லுவார். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கிளப் இடம் மாறியதும் ஒரு ஊர் எழும்பியதும் ஒன்றல்ல, அதை மாமாவைவிட அறிந்தவர் யார். ஆனால் இரண்டாம் பாதி முழுக்க அவர் எழுந்து நின்றுதான் பார்த்தார்.

சரி, எப்படித் திரும்பி வந்தார்கள் என்று சொல்லவேண்டும். 2002 மே மாதம் அந்தத் தீர்ப்பு வந்து இரண்டாம் நாள், ரசிகர்கள் கூடி நாங்களே ஒரு கிளப் தொடங்குவோம் என்று முடிவெடுத்தார்கள். வீரர்கள் இல்லை, பயிற்சியாளர் இல்லை, மைதானம் இல்லை. ஜூன் 29 அன்று விம்பிள்டன் பொதுவெளியில் தேர்வு வைத்தார்கள், யாரும் வரலாம் என்று, 230 பேர் வந்தார்கள். 1889 இல் தொடங்கிய அதே பொதுவெளி. ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டோடு முதல் சிநேகபூர்வ ஆட்டம், 4-0 என்று தோற்றார்கள், 4,657 பேர் பார்க்க வந்திருந்தார்கள். அதே வருடம் அக்டோபரில், இடம் மாறக் காத்திருந்த பழைய கிளப்பின் ஒரு லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளப் எது என்ற கேள்விக்கு அந்த ஊர்ச் சனம் கொடுத்த பதில் அதுதான்.

தொடங்கிய இடம் கம்பைன்ட் கவுன்டீஸ் லீக், மேலே வர எத்தனையோ படி. 2003 பெப்ரவரிக்கும் 2004 டிசம்பருக்கும் இடையே 78 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை, இங்கிலாந்தின் வளர்ந்தோர் உதைபந்தாட்டத்தில் அது சாதனை. ஒன்பது சீசனில் ஐந்து தடவை மேலே ஏறினார்கள். 2011 மே 21 அன்று மான்செஸ்டரில் லூட்டனோடு இறுதி ஆட்டம், 0-0, பெனால்டியில் 4-3. செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார், கடைசியை டேனி கெட்வெல் அடித்தார். கிளப் தொடங்கி ஒன்பது வருடத்தில் மீண்டும் லீக்கில். 1977 இல் ஏறியவர்கள் ஒன்பது வருடத்தில் உச்சிக்குப் போனார்கள், இவர்கள் ஒன்பது வருடத்தில் வாசலுக்கு வந்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

மில்டன் கீன்ஸ் போன கிளப் 2004 இல் பெயரை 'மில்டன் கீன்ஸ் டொன்ஸ்' என்று மாற்றிக்கொண்டது, 'டொன்ஸ்' என்பது விம்பிள்டன் என்ற பெயரிலிருந்து வந்த சுருக்கம். 2007 இல் பழைய கோப்பைகளின் பிரதிகளும் மற்ற உடைமைகளும் விம்பிள்டன் அடங்கும் மெர்ட்டன் நகரசபைக்கு வந்தன. அதாவது 1988 இன் நினைவு ஊருக்கே திரும்பியது. 2012 டிசம்பரில் இரண்டு கிளப்பும் முதன்முறையாக மோதியபோது விம்பிள்டன் 2-1 என்று தோற்றது, 2014 இல் 3-2 என்று வென்றது. இன்றும் மைதானத்தில் அந்தக் கிளப்பின் முழுப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ஒரு தடவை ஸ்கோர்போர்டில் 'எம்கே' என்று மட்டும் போட்டதற்காக லீக் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கப் பார்த்து, பிறகு கைவிட்டது.

2016 மே 30 அன்று வெம்பிளியில் பிளைமவுத்தை 2-0 என்று வென்று மேலிருந்து மூன்றாவது படிக்கு வந்தார்கள், கிளப் தொடங்கிச் சரியாகப் பதினான்கு வருடம். இரண்டாவது கோல் முன்கள வீரர் அகின்ஃபென்வாவின் பெனால்டி. அவர் விம்பிள்டனுக்காக அடித்த கடைசிக் கோல் அது. பந்தை அவரே வாங்கி வைத்த காட்சி இணையத்தில் இருக்கிறது, பாருங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நடுவில் இருந்த வருடங்களில் விம்பிள்டன் ஆடியது கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ என்ற மைதானத்தில். அது முதலில் கிங்ஸ்டோனியன் என்ற இன்னொரு சின்னக் கிளப்பின் வீடு, அவர்கள் கடனில் அதை இழந்தபிறகு விம்பிள்டன் 2003 இல் வாங்கியது, இரண்டு கிளப்பும் அங்கே ஆடின. பிளவ் லேன் கட்டக் காசு வேண்டும் என்று விம்பிள்டன் அதைச் செல்சிக்கு விற்றபோது, கிங்ஸ்டோனியன் 2017 இல் வெளியே போகவேண்டியதாயிற்று. வீடு இழந்தவர்கள் வீடு திரும்ப இன்னொருவர் வீட்டை விட்டார். அவர்களுக்கு விம்பிள்டன் பணம் கொடுத்து உதவியது உண்மை, இருந்தாலும் இது நெஞ்சை உறுத்துகிற இடம். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் இதை ஒப்புக்கொண்டார், "அதில் எங்களுக்குப் பெருமை இல்லை" என்றார். கதையை முழுதாகச் சொல்கிற ஆட்கள் என்பதால் எனக்கு இவர்கள் மேல் மதிப்புக் கூடியது.

மைதானம் கட்டும்போதும் காசு தட்டுப்பட்டது. வெளி முதலாளியிடம் பெரும்பங்கைக் கொடுத்திருக்கலாம். 2020 தொடக்கத்தில் ரசிகர்கள் தாங்களே கடனாகக் கொடுத்து ஐந்து மில்லியன் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். கிளப்பின் பெரும்பங்கு இன்றும் டொன்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில். முதல் ஆட்டம் 2020 நவம்பர் 3, டொன்காஸ்டரோடு 2-2. கொரோனா காலம், மைதானத்துக்குள் சனம் இல்லை. இருபத்தொன்பது வருடம் காத்திருந்து, கதவு திறந்த அன்றைக்கு உள்ளே போகமுடியாமல் வீட்டில் இருந்து பார்த்த சனத்தை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. ஆனால் அதே கொரோனா மாதங்களில் இந்த ரசிகர்கள்தான் சூப்பர்மார்க்கெட் வாசல்களில் நின்று சாப்பாட்டுச் சாமான் சேர்த்து, இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் வந்தது. அப்போது அது யார் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் போட்டிருந்த சட்டையின் நீலம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கிளப்பின் ஏற்ற இறக்கம் இப்போதும் நின்றபாடில்லை. 2022 இல் நாலாவது படிக்கு இறங்கினார்கள், அந்த சீசனின் பிற்பகுதி முழுக்க ஒரு லீக் வெற்றிகூட இல்லை. 2024 செப்டம்பரில் பெருமழைக்கு வாண்டில் ஆறு கரை உடைத்து, ஆடுகளத்திலேயே பெரிய பள்ளம் விழுந்தது. நியூகாசிலோடு இங்கே நடக்கவேண்டிய கோப்பை ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்றினார்கள். சனம் காசு சேர்த்தது, நியூகாசில் கிளப்பும் கொடுத்தது, புல் மீண்டும் முளைத்தது. அந்த சீசன் முடிவில், 2025 மே 26 அன்று, வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று மீண்டும் மூன்றாவது படி. மைல்ஸ் ஹிப்போலைட் போட்ட கோல். அன்றைக்குக் கரட் லேனில் கார் ஹோர்ன் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

ஆட்டத்தின் தரம் பற்றி நேராகச் சொல்கிறேன். பிரீமியர் லீக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் முரடாகத் தெரியும். பந்து காற்றில்தான் அதிகம் இருக்கும். ஆனால் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, தொண்ணூறாவது நிமிடத்திலும் முப்பது மீற்றர் பின்னால் ஓடிவந்து தடுக்கிறார்கள். நாங்கள் போன ஆறில் இரண்டு வெற்றி, மூன்று சமநிலை, ஒரு தோல்வி. தோற்ற அன்றும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஏன் என்று மகன் கேட்டான். "வந்து ஆடினாங்களே" என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னதை நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

சாப்பாடு சாதாரணம்: பேகர், பை (pie, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது), சிப்ஸ், தேத்தண்ணி. குளிரில் அந்தச் சூடான பையைக் கையில் பிடித்திருப்பது நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வாய்க்கு அது போதாது. ஆட்டம் முடிந்து டூட்டிங் வரை நடந்து வந்தால் இருபது நிமிடத்தில் கொத்துரொட்டி, தோசை, எது வேண்டுமென்றாலும் கிடைக்கும். ஒரு நாள் நாங்கள் போன கொத்துக்கடையில் பாதி மேசையில் நீல மஞ்சள் ஸ்கார்ஃப்தான் இருந்தது.

கிளப் கடையில் மகனுக்கு ஒரு ஸ்கார்ஃப் வாங்கினோம், இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம் போட்டது. வோம்பிள் பொம்மையும் இருந்தது. வோம்பிள்கள் என்பது சிறுவர் கதைகளில் விம்பிள்டன் பொதுவெளியில் குப்பை பொறுக்கிப் பயன்படுத்திக்கொண்டு வாழும் உயிர்கள், அதுதான் இந்தக் கிளப்பின் செல்லப்பெயரும். ஹேடன் என்ற பெயரில் ஒரு வோம்பிள் வேடக்காரர் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு படம் எடுப்பார், அரை மணி முன்னரே போனால் கூட்டம் இல்லாமல் எடுக்கலாம்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை போகிறவர்கள் கையுறையும் இரட்டைக் காலுறையும் போட்டுக்கொண்டு போங்கள், ஆற்றுப் பக்கத்துக் காற்று எலும்புக்குள் போகும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் மேற்கு ஸ்டாண்டில் இடம் எடுங்கள். காரில் போகவேண்டாம், சுற்றிவர இருப்பதெல்லாம் குடியிருப்புத் தெருக்கள்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. மாமா நேற்றுப் போன் பண்ணி, தன் கூட்டாளி ஒருவரும் வருகிறாராம், ஊர்க்காரர், இன்னொரு இடம் பக்கத்திலேயே கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது.